பத்தமடைக்கு விருந்தாளிகள் வரட்டும், எந்த வழியில் வரவேண்டும்?

சென்ற ஆண்டு சென்னையிலிருந்து வந்த நண்பர்கள் நால்வரைப் பாய்க்குப் பேர்போன பத்தமடைக்குக் கூட்டிப்போனேன். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகும் சாலையில் அரை மணி நேரப் பயணம்தான். ஒரு வீட்டில், தரையோடு தரையாகக் கட்டிய தறியில் ஓர் அம்மா கல்யாணப் பாய் நெய்துகொண்டிருந்தார். பெண், மாப்பிள்ளை பெயர்கள் பாதி ஏறியிருந்தன. நண்பர்கள் அசந்துபோனார்கள். கோரையைத் தொட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அந்த அம்மா கையை நிறுத்திவிட்டு எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. விலையைக் கேட்டதும் நண்பர்கள் தயங்கினார்கள். இப்போது வீட்டில் எல்லாருக்கும் கட்டில்தானே என்று ஒருவர் சொன்னார். ஒன்றும் வாங்கவில்லை. கிளம்பும்போது அந்த அம்மா கோபமே இல்லாமல் சொன்னார்: "இந்நேரம் ரெண்டு விரக்கடை ஏறியிருக்கும்."

அந்த இரண்டு விரற்கடைக்கு, அதாவது இரண்டு விரல் அகல நெசவுக்கு, கூலி யார் கொடுப்பது? கைவினையைக் காட்டிக் கிராமத்துக்குச் சுற்றுலாவைக் கொண்டுவரலாம், அதனால் ஊரே முன்னேறும் என்று பலரும் பேசுகிறார்கள். நானும் அதை நம்புகிறேன். ஆனால் வந்தவர் ஒன்றுமே வாங்காமல் போனாலும் நெய்தவர் கையில் காசு மிஞ்சுமா என்று கேட்டுவிட்டுத்தான் ஒரு திட்டத்தை நல்லது என்பேன். இந்தியாவில் கைவினை ஊர்கள் ஏற்கெனவே நடந்து பார்த்த பாதைகள் சில இருக்கின்றன. அவற்றில் நான்கை எடுத்து, பத்தமடைக்கு எது பொருந்தும் என்று இங்கே யோசித்துப் பார்க்கிறேன்.

முதலில் பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், அதன் வேலை தெரியாமல் எதையும் முடிவு செய்ய முடியாது. கோரை தாமிரபரணிக் கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வளர்வது. பச்சையாக இருக்கும்போதே அறுத்து, கீறி, காயவைக்கிறார்கள். அப்புறம் ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். ஊறி உப்பியதை மறுபடி கீறிக் கீறி நூல்போல் ஆக்குகிறார்கள். பாவுக்குப் பருத்தி நூல், ஊடைக்கு இந்தக் கோரை. சாதாரணப் பாய் சீக்கிரம் முடிந்துவிடும். துணிபோல் வளையும் பட்டுப் பாய்க்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும். நெய்கிறவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள், நெய்வது வீட்டுக்குள். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனதாக ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இத்தனை இருந்தும் கடைத்தெருவில் பிளாஸ்டிக் பாயோடும், விசைத்தறியில் ஓட்டிய மலிவான கோரைப் பாயோடும்தான் இது போட்டி போடவேண்டியிருக்கிறது.

சரி, முதல் பாதை ஒடிசாவின் ரகுராஜ்பூர். பூரிக்குப் பக்கத்தில், பார்கவி ஆற்றங்கரையில் உள்ள, துணியில் வரையும் பட்டசித்ரா ஓவியர்களின் ஊர். ஒடிசி நடன மேதை கேளுசரண் மகாபாத்ரா 1926இல் பிறந்ததும் இங்கேதான். வீடுகள் எதிரெதிராக இரண்டு வரிசை, நடுவில் சின்னச் சின்னக் கோயில்கள். பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு ஆய்வு செய்து, 2000இல் இதைப் பாரம்பரியக் கிராமமாக வளர்த்தெடுத்தது. சுவரெல்லாம் ஓவியம், திண்ணையெல்லாம் கடை. வருகிறவர் தெருவில் நடந்தால் போதும், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் உள்ளே வரச்சொல்லிக் கூப்பிடுவார்கள்.

இந்த வழியில் ஊர் முழுக்கவே கண்காட்சி, வருமானம் விற்பனையில். அங்கே அது ஓடுவதற்குக் காரணங்கள் உண்டு. கூப்பிடு தூரத்தில் பூரி ஜகந்நாதர், கூட்டம் வற்றாத ஊர். பனையோலையில் கீறிய சிறு படம், வண்ணம் தீட்டிய தேங்காய், பாட்டில் என்று பைக்குள் போட்டுக்கொண்டு போகிற பொருள்களும் இருக்கின்றன. பத்தமடையில் இரண்டும் இல்லை. பட்டுப் பாயை யாரும் நின்ற இடத்தில் மனம் மாறி வாங்குவதில்லை. அதனால் இந்த வழியில் போனால் கைப்பை, பர்ஸ், மேசை விரிப்பு என்று சின்னப் பொருள்களுக்கு நெசவு இறங்கிவிடும். அவற்றை இப்போதும் நெய்கிறார்கள். அதில் தவறில்லை, அடுப்பு எரியவேண்டும். ஆனால் நான்கு வருடம் பர்ஸ் மட்டுமே நெய்த கை மறுபடி நூற்றுக்கணக்கான இழைகளை எண்ணிப் பெயர் எழுத்தை ஏற்றுமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ரகுராஜ்பூரில் நான் முக்கியமாகக் கவனித்தது வேறு ஒன்று. ஸ்நான பூர்ணிமை என்னும் நீராட்டு நாளுக்குப் பிறகு பூரிக் கோயிலில் ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவரும் பதினைந்து நாள் பக்தர் கண்ணில் படுவதில்லை. அந்த நாள்களில் அவர்களுக்குப் பதிலாகப் பட்டசித்ரா ஓவியத்துக்குத்தான் வழிபாடு. சுற்றுலா என்ற சொல்லே தெரியாத காலத்திலிருந்து அந்தக் கலைக்குக் கோயில் என்ற நிலையான கேட்பாளர் இருந்திருக்கிறார். பத்தமடைக்கு அப்படி இருப்பது கல்யாண வீடு. எந்தத் திட்டம் வந்தாலும் கல்யாணப் பாய்க்கான ஆர்டரைப் பின்னுக்குத் தள்ளக்கூடாது. தவிர, வீட்டுத் திண்ணையைக் கடையாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. முன்பின் தெரியாத ஆண்கள் கேமராவோடு எந்நேரமும் வீட்டுக்குள் எட்டிப்பார்ப்பதை இங்குள்ள பெண்கள் விரும்பமாட்டார்கள். விரும்பவேண்டும் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

இரண்டாவது, குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள ஹோட்கா. பன்னி புல்வெளியில், புஜ் நகரிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கும் ஊர். பூத்தையலுக்கும் தோல் வேலைக்கும் பேர்போனது. மத்திய சுற்றுலா அமைச்சகமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து நாடு முழுக்க 36 ஊர்களில் கிராமச் சுற்றுலாத் திட்டம் ஒன்றை நடத்தின. நம் கழுகுமலையும் காரைக்குடியும்கூட அந்தப் பட்டியலில் இருந்தன. அந்தத் திட்டத்தில்தான் ஹோட்காவில் 'ஷாமே சர்ஹத்' என்ற தங்கும் விடுதி எழுந்தது. 'புங்கா' (bhunga) எனப்படும் வட்டமான மண் வீடுகள், உள்ளூர்ச் சாப்பாடு, இரவில் பாட்டு. அதை நடத்துவது ஊராரே அமைத்த குழு.

பணம் வெளி முதலாளியிடம் போகாமல் ஊர்க்குழுவின் கையில் நிற்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. தங்கியவர் ஒரு பூத்தையல் துணிகூட வாங்காமல் போனாலும் ஊருக்கு வருமானம் உண்டு. ஆனால் ஹோட்காவுக்குப் போனவருக்கு அங்கே தங்கக் காரணம் இருக்கிறது, நகரம் தூரம். பத்தமடைக்கு வந்தவர் ஏழு மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்குள் நெல்லையில் ஓட்டல் அறைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். இங்கே விடுதி கட்டினால் அறைகள் காலியாகக் கிடக்கும். கட்ட ஆகும் பணம் ஒருபக்கம் இருக்க, அதைப் பெருக்கித் துடைத்து வைத்திருக்கும் செலவே குழுவை அழுத்தும். அங்கேயே குளிர்காலத்தில்தான் ஆள் வருகிறார்கள். ஆகவே ஹோட்காவின் குழுவை எடுத்துக்கொள்வோம், விடுதி வேண்டாம்.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசவேண்டும். மேற்கு வங்கத்தின் மேற்கு மேதினிபூர் மாவட்டம், பிங்லா வட்டாரத்தில் நயா என்ற ஊர். படுவாக்கள் என்னும் சுருள் ஓவியர்கள் வாழும் இடம். நீளமான சுருளில் கதையை வரைந்து, அதை மெல்ல அவிழ்த்துக்கொண்டே பாடுவார்கள். வண்ணங்களைச் செடி கொடியிலிருந்தே எடுப்பார்கள். மானசா தேவி கதை, துர்க்கை கதை எல்லாம் வரையும் இவர்கள் முஸ்லிம்கள். அதைப் படித்தபோது எனக்கு உடனே பத்தமடைதான் ஞாபகம் வந்தது. நம் ஊர் இந்துக் கல்யாணங்களுக்குப் பெண் மாப்பிள்ளை பெயரை இழை இழையாக ஏற்றிக் கொடுப்பதும் லெப்பை வீட்டுப் பெண்கள்தானே.

ஒரு காலத்தில் படுவாக்கள் ஊர் ஊராகப் பாடி அரிசியும் காசும் வாங்கிப் பிழைத்தவர்கள். அந்தப் பிழைப்பு தேய்ந்தபோது பலர் வேறு கூலி வேலைக்குப் போனார்கள். கொல்கத்தாவின் 'பங்களாநாடக்' என்ற நிறுவனம் 2000களின் நடுவில் இவர்களோடு வேலை செய்யத் தொடங்கியது. மூத்தவர்களிடமிருந்து இளையவர்களுக்குப் பயிற்சி, புதிய கதைகள், நேரடி விற்பனை என்று சில வருடம் போனது. அதற்குப் பிறகுதான், 2010இல், 'பட் மாயா' என்ற மூன்று நாள் திருவிழாவை ஊரிலேயே தொடங்கினார்கள். நவம்பரில் நடக்கும். வீட்டுச் சுவர்களே படமாகும், வண்ணம் எடுக்கும் முறையைச் சொல்லித்தருவார்கள், வந்தவர்கள் ஓவியர்களின் வீட்டிலேயே தங்கவும் செய்வார்கள். 2013இல் மேற்கு வங்க அரசு யுனெஸ்கோவோடு சேர்ந்து தொடங்கிய ஊரகக் கைவினை மையங்களில் இதுவும் ஒன்று. 2018இல் வங்காளப் பட்டசித்ராவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இதில் இருக்கிற வரிசையைப் பாருங்கள். பயிற்சியும் விற்பனையும் முன்னால், திருவிழா பின்னால். நம் பக்கத்தில் பெரும்பாலும் மேடையும் பந்தலும்தான் முதலில் வருகின்றன. இன்னொரு நல்ல விஷயம், வருடத்தில் மூன்றே நாள்தான் கூட்டம். மிச்ச நாள்களில் வேலை வேலையாக நடக்கும். நெய்கிறவரின் நேரத்தைத் தினம் தினம் கொறிக்காத ஏற்பாடு இது.

ஆனால் நயாவின் சுருளை அவிழ்த்துப் பாடுவதே நிகழ்ச்சி. கூட்டம் பார்க்கப் பார்க்கக் கலை நடக்கிறது. பாய் நெசவு அப்படி இல்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிவது மூன்று நான்கு விரற்கடை. பத்தமடையில் திருவிழா என்றால் அந்த மூன்று நாளில் என்ன காட்டுவது என்பதைத் தனியாக யோசிக்கவேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான்காவது பாதை நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்தில். 2007இல் திருவனந்தபுரத்தில் பேச்சுவார்த்தை தொடங்கி, அடுத்த ஆண்டு கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடு ஆகிய இடங்களில் பொறுப்புச் சுற்றுலா என்ற பெயரில் சோதனை செய்தார்கள். குமரகத்தில் முதலில் செய்தது ரொம்ப எளிமையான காரியம்: சொகுசு விடுதிகளுக்கு வேண்டிய காய்கறியைக் குடும்பஸ்ரீ என்னும் கேரள மகளிர் குழுக்களின் பெண்களிடமிருந்து வாங்க வைத்தார்கள். அப்புறம் கிராம வாழ்க்கையைக் காட்டும் அரைநாள் பயணங்கள் வந்தன. கயிறு திரிக்கும் வீடு, ஓலை முடையும் வீடு, கள் இறக்கும் தோப்பு, வலை வீசும் இடம் என்று சிறு குழுவாகக் கூட்டிப்போவார்கள். 2017இல் அதற்கென்று தனி இயக்கமே அமைத்தது கேரள அரசு.

விருந்தாளி முன்கூட்டியே கட்டணம் கட்டிவிடுவது இதில் முக்கியம். கயிறு திரித்துக் காட்டும் அம்மாவுக்கு அந்த நேரத்துக்கான பணம் அதிலிருந்து போகிறது. கயிறு வாங்கினால் அது மேல்வரும்படி. நான் ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிற பாதை இது ஒன்றுதான்.

குறை இல்லாமல் இல்லை. குமரகத்தில் விடுதிகள் நிறைய, விருந்தாளி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறார், கிராமத்துக்கு நகர்த்தினால் போதும். பத்தமடையில் ஆளை நாம்தான் தேடவேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, நாளாக நாளாக வேலை வெறும் வேடிக்கையாகிவிடலாம். யாருக்கும் தேவைப்படாத பாயை, வருகிறவருக்குக் காட்டுவதற்காகவே நெய்கிற நிலை வந்தால் அது எனக்குத் தாங்காது. அதனால்தான் கல்யாண ஆர்டரைக் காப்பாற்றவேண்டும் என்று முன்னாலேயே சொன்னேன்.

நான்கையும் வைத்துப் பார்த்தபின் என் முடிவு இது: குமரகத்தின் அரைநாள் பயணத்தில் தொடங்கவேண்டும், பணத்தை ஹோட்காபோல் குழு வைத்துக்கொள்ளவேண்டும், இரண்டு மூன்று வருடம் கழித்து நயாவைப்போல் ஒரு திருவிழா. ரகுராஜ்பூர்போல் முழு ஊரையும் காட்சியாக்குவது வேண்டாம்.

பயணத்தைப் பத்தமடையோடு நிறுத்தவேண்டியதில்லை. சேரன்மகாதேவியைத் தாண்டினால் காருகுறிச்சி, மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். நாதஸ்வர மேதை அருணாசலத்தின் ஊரும் அதுவே. அப்புறம் கைத்தறி நெய்யும் வீரவநல்லூர், அப்பளம் போடும் கல்லிடைக்குறிச்சி, மரச் செப்புச் சாமான் கடையும் அம்பாசமுத்திரம். ஒரே ஆற்றங்கரை, ஒரே சாலை, தென்காசி போகும் ரயில் பாதையும் கூடவே ஓடுகிறது. இத்தனை கைவேலை ஒரு கயிற்றில் கோத்ததுபோல் இருக்கும் இடம் தமிழ்நாட்டில் அதிகம் இருக்காது. எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்காமல், ஒரு பயணத்துக்கு ஒரு பாய்க்கூடம், ஒரு குயவர் வீடு, ஒரு சாப்பாடு என்று வைத்தால் போதும்.

கணக்கு எப்படி வரும் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ஆறு பேர், தலைக்கு 700 ரூபாய் என்றால் 4,200. கோரை கீறிக் காட்டுகிறவருக்கு 400, தறியில் இருக்கும் இருவருக்கும் தலா 600, குயவருக்கு 500, ஆறு சாப்பாட்டுக்கு 720, வேனுக்கு 900. மிச்சம் 480 பொது நிதிக்கு. இது என் உத்தேசம்தான், அங்கே உட்கார்ந்து பேசினால் தொகைகள் மாறும். நான் மாற்றக்கூடாது என்று நினைப்பது வரிசையை: வேலை செய்கிறவர் கூலி முதலில், வேன் வாடகையும் மற்றதும் அதற்குப் பிறகு. சுற்றுலாவில் பொதுவாக இது தலைகீழாகத்தான் நடக்கிறது.

காட்டுவது வீட்டில் வேண்டாம். ஒரு பொதுக் கூடத்தில் இரண்டு தறி போட்டால், நெசவாளர்கள் முறைவைத்து வந்து உட்காரலாம். அங்கே நெய்வதும் உண்மையான ஆர்டராகவே இருக்கட்டும். வீட்டுக்குக் கூப்பிடுவதும் படமெடுக்க விடுவதும் அவரவர் விருப்பம். ஒரு நாளுக்கு இரண்டு குழு, குழுவுக்கு எட்டு பேர், அதற்கு மேல் வேண்டாம். வங்கிக் கணக்கு நெய்கிற பெண்கள் பெயரிலேயே இருக்கவேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்களில் பல வருடமாகக் கணக்கு எழுதிப் பழகியவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள், புதிதாக யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

பொது நிதியில் முதல் செலவு கோரைக்கு. ஓடுகிற, சுத்தமான தண்ணீர் இல்லாவிட்டால் கோரை ஊறாது. தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைப் பற்றி நாம் பேசிப் பேசிச் சலித்துவிட்டோம், ஆனால் பாய்க்காரர்களுக்கு அது நேரடியாகச் சாப்பாட்டுப் பிரச்சினை. கட்ச்சில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு தமட்கா ஊரின் தண்ணீரில் இரும்பு மிகுந்து சாயம் சரியாகப் பிடிக்காமல் போகவே, அஜ்ரக் என்னும் துணி அச்சு வேலை செய்கிறவர்கள் பலர் அஜ்ரக்பூர் என்று புது ஊரே அமைத்துக்கொண்டு போனார்கள். தாமிரபரணியை விட்டுவிட்டுப் பத்தமடைக்காரர்கள் எங்கே போவார்கள்?

ஆளை எங்கிருந்து அழைப்பது? நவகைலாயம் சுற்றும் பக்தர்கள் சேரன்மகாதேவிக்கும் வருகிறார்கள்தான், ஆனால் ஒரே நாளில் ஒன்பது கோயில் பார்க்கவேண்டியவர்களுக்கு இறங்க நேரமிருக்காது. குற்றாலச் சீசனுக்கு வந்து இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்களும், வடிவமைப்பு, கட்டடக்கலை படிக்கும் மாணவர்களும் பொருத்தமானவர்கள். மாணவர்கள் முக்கியம் என்பேன். இன்றைக்குக் கோரை கீறக் கற்றவர் பத்து வருடம் கழித்து ஓர் அலுவலகச் சுவருக்குப் பாய் ஆர்டர் கொடுக்கலாம்.

திருவிழாவுக்கு எனக்குத் தோன்றும் மாதம் ஆடி. தை, மாசியில் வெயில் இதமாக இருக்கும் என்பார்கள், ஆனால் அது கல்யாண மாதம், தறிகள் ஓயாத நேரம். ஆடியில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை, ஆர்டர் குறைகிற மாதம். குற்றாலத்தில் சாரல் அடிக்கும், ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் கூட்டம் கூடும்.

அப்புறம், மூன்று நாளும் என்ன காட்டுவது என்ற கேள்வி. மாவட்டம் முழுக்க வீடுகளில் பரண்மேலும் பீரோவுக்குள்ளும் பழைய கல்யாணப் பாய்கள் சுருட்டிக் கிடக்கின்றன. அவற்றைக் கொண்டுவரச் சொல்லலாம். ஒவ்வொன்றிலும் இரண்டு பெயர், ஒரு தேதி. நெய்தவர் யார் என்று மட்டும் எதிலும் இருக்காது. ஊரில் உள்ள மூத்த நெசவாளர்கள் கரையையும் எழுத்தையும் பார்த்து, இது இன்னார் கை என்று சொல்லக்கூடும். சொன்னால் அந்தப் பெயரையும் பக்கத்தில் ஒரு அட்டையில் எழுதி வைப்போம். எங்கள் வீட்டில் அம்மா, அப்பா பெயரோடு ஒரு பாய் இருக்கிறது, ஒரு மூலையில் மட்டும் எலி கடித்திருக்கும். அதை நான் கொண்டுவருகிறேன்.